ஓராண்டு முடிவு

என் சித்தப்பா முப்பது வருஷம் அரசாங்க எழுத்தராக இருந்தவர். பாதி சர்வீஸ் திண்டிவனத்தில், மீதி விழுப்புரத்தில். வீட்டில் அவர் மேஜைமேல் ஒரு பேனாவும் மூக்குக்கண்ணாடிக் கூடும்தான் இருக்கும். கரண்ட் பில் ரசீதின் மூலையில்கூட "ஓ.மு." என்று எழுதி வைப்பார். நாங்கள் சிரிப்போம். அந்த ரெண்டு எழுத்துக்குப் பின்னால் பிரிட்டிஷ் காலத்துக் கதை ஒன்று இருப்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மெட்ராஸ் மாகாணத்துக் கலெக்டர் ஆபீஸ்களில் காகிதம் மூச்சு முட்டக் குவிந்த காலத்தில், டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி ஒரு நடைமுறையை வகுத்தார். இன்றும் அதற்கு டாட்டன்ஹாம் முறை என்றே பெயர். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அலுவலகங்கள் அதன் எலும்புக்கூட்டின்மேல்தான் நிற்கின்றன. வரும் தபால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அரசுக் கடிதத்தின் தலையில் "ந.க.எண்" என்று பார்த்திருப்பீர்களே, அதுதான். அது எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏறும். யாருக்கு எழுதினோம், எப்போது நினைவூட்டினோம், பதில் வந்ததா, எல்லாமே அந்தக் கட்டங்களுக்குள் இருக்கும். தலைக்குள் எதையும் சுமக்க வேண்டாம்.

வேலை முடிந்தால் கோப்புக்கு 'முடிவு' போடுவார்கள். அதில்தான் சூட்சுமம். ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு, ஒரு வருஷம் வைத்திருந்து அழிக்கலாம். மூ.மு. மூன்று வருஷம், ப.மு. பத்து வருஷம், நி.மு. நிரந்தரம். ஆங்கிலத்தில் எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். ஒரு காகிதத்தின் சாவு தேதி, அதை மூடும் அன்றைக்கே எழுதப்பட்டுவிடுகிறது. நாம் போகிக்கு முதல் நாள் பழைய டைரியைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறோமே, அந்தத் தவிப்புக்கு அங்கே இடமில்லை.

முடியாத வேலைதான் முடிந்த வேலையைவிட நினைவில் ஒட்டிக்கொள்கிறது என்று ப்ளூமா ஸைகார்னிக் 1927இல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் சித்தப்பாவிடம் கேட்டால், "முடிவு நம்பர் போட்டா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரும்டா" என்பார்.

எல்லா நாளும் வரவில்லை.

எண்பதுகளில் யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அதில் பலருடைய பெயர் பட்டாவில் தவறிப் போனது, அல்லது பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் ஏறிப் போனது. திருத்த வேண்டுமென்றால் பழைய 'அ' பதிவேடு வேண்டும், பழைய மனுவும் உத்தரவும் வேண்டும். 1993 செப்டம்பர் 30இல் தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் பிறந்தது. அதுவரை இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மாவட்டத் தலைநகர் கடலூர். அதனால் பழைய காகிதம் தேடுகிறவர் எந்த ஊர் பஸ் ஏறுவது என்பதிலேயே குழம்புவார்.

அப்படித் தேடி வந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சித்தப்பா ஒரே ஒரு தடவைதான் சொன்னார். எந்த ஆபீஸ், எந்த வருஷம் என்று சொல்லவில்லை. தான் கொடுத்த மனு என்னாச்சு என்று கேட்டாராம். பதிவேட்டைப் புரட்டினால் சித்தப்பா கையெழுத்திலேயே ஓ.மு. பத்து வருஷம் இருக்க வேண்டிய கோப்பு. ஆயுதபூஜைக்கு ஆபீஸைச் சுத்தம் செய்தபோது, பதிவறையிலிருந்து கழிவுக் காகிதத்தோடு போய்விட்டது. மேலதிகாரியின் சுருக்கொப்பமும் இருந்ததால் இவர்மேல் நடவடிக்கை இல்லை. பெரியவர் சண்டை போடவில்லை. "சரிங்க ஐயா"ன்னு சொல்லிட்டு, மஞ்சப்பையை மடிச்சுக்கிட்டுப் போயிட்டார்.

போன பொங்கலுக்குப் பரண் ஏறினேன். கரண்ட் பில் ரசீதுகள், வருஷவாரியாக, நாடா போட்டுக் கட்டுக் கட்டாக இருந்தன. எல்லாவற்றிலும் ஓ.மு. 1998லிருந்து ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை. "இதைப் போட்டுடலாமா சித்தப்பா?" என்று மேலிருந்து கேட்டேன். "இருக்கட்டும், எறங்கு" என்றார்.