எல்லைச்சாலையில் வில்லும் கட்டையும்

இசைக்கருவிகள் தாமாக நாடு கடப்பதில்லை. படையோடும் வணிகத்தோடும் சமயத்தோடும் அவை வந்து சேர்கின்றன. வந்த கருவி தங்குமா என்பதை முடிவு செய்வது, அது வந்து சேர்ந்த நிலத்தின் இசையே. ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின் இன்று தமிழர் கச்சேரி மேடையில் நீங்கா இடம் பெற்றுவிட்டது. அதனோடு ஒரே குடும்பத்தில் பிறந்த செல்லோவும், அவ்விரண்டுக்கும் துணையாகும் பியானோவும் வாயிலிலேயே நின்றுவிட்டன. அவை நின்றதற்குக் காரணம் யாது? செல்லோவும் பியானோவும் பயின்ற இளைஞர் சிற்றரங்குகளில் அமர்ந்து வாசிக்கத் தொடங்கியுள்ள இந்நாளில் இவ்வினா புதிய பொருள் பெறுகின்றது.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் அமைந்த நிலம் மைசூருக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட வாயில் நிலம். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791இல் ஓசூர்க் கோட்டை ஆங்கிலப் படையின் கைக்கு வந்தது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியாருக்கு உரியதாயிற்று. ஓசூரைச் சார்ந்த பாலாகாட்டுப் பகுதி, திப்பு வீழ்ந்த 1799இல் அவர்கள் ஆட்சிக்குட்பட்டது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமகாலின் நிலங்களை அளந்து வரி விதித்துக்கொண்டிருந்த 1796ஆம் ஆண்டில், பெர்லின் நகரில் இளைஞரான பீத்தோவன் செல்லோவுக்கும் பியானோவுக்குமாக இரண்டு சொனாட்டாக்களை இயற்றினார். தாமே செல்லோ வாசிக்கவல்ல பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் வில்லியத்துக்காக எழுதப்பட்டவை அவை. அதுவரை பெரும்பாலும் அடித்தள ஓசையை மட்டும் தாங்கி நின்ற செல்லோ, பியானோவோடு நேருக்கு நேர் உரையாடும் நிலைக்கு உயரத் தொடங்கியது அக்காலத்திலேதான். அவ்வுரையாடல் இந்நிலத்தை வந்தடைய ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆயின.

வயலினோ விரைந்து வேரூன்றியது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்த இராமசாமி தீட்சிதரின் மக்கள், சென்னைக் கோட்டையின் ஐரோப்பிய வாத்தியக் குழுவினரின் இசையைக் கேட்கும் வாய்ப்புப் பெற்றனர். மூத்தவரான முத்துசாமி தீட்சிதர் (1775-1835) அம்மெட்டுக்களுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். இங்கிலாந்தின் நாட்டுப்பண் மெட்டும் அவற்றுள் ஒன்று. நோட்டுஸ்வரம் என்பது அவ்வகைக்கு வழங்கும் பெயர். இளையவரான பாலுசாமி தீட்சிதர் (1786-1858) ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதனை நம் இசைக்கு ஆக்கித் தந்தார். பின்னாளில் அவர் எட்டயபுரத்து அரசவைக் கலைஞரானார். பாரதி பிறந்த மண்ணுக்கு வயலின் முன்னரே வந்துவிட்டது என்பது கவிஞர் நினைவிற்கொள்ளத் தக்கது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் 1834இல் தந்த வயலினைப் பரிசாகப் பெற்றார் என்பதும் வரலாறு.

வயலினுக்கு மெட்டுக்கட்டைகள் இல்லை. ஆகவே விரல் வழுக்கி ஓடவும், சுரங்களுக்கு இடையே கமகம் பிறக்கவும் அதில் இடமுண்டு. தரையில் அமர்ந்து, மார்புக்கும் காலுக்கும் இடையே அதனைப் பொருத்திக்கொள்ளலாம். செல்லோவுக்கும் மெட்டுக்கட்டை இல்லை. அதன் குரல் ஆண்மகனின் மிடற்றொலிக்கு நெருங்கியது. அங்ஙனமாயின் அது ஏன் ஏற்கப்படவில்லை? அதன் பேருருவம் ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், அது பிறந்த இசையின் அமைப்பு. பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் இசைக்குத் தாழ்ந்த குரலில் ஓர் அடித்தளம் தேவை. நம் இசை ஒற்றை வழி இசை. அதன் நிலைக்களத்தைத் தம்புரா தாங்கிவிடுகின்றது. பாடகரைப் பின்தொடர வயலினே போதுமானதாயிற்று. ஆயினும் கதவு முற்றிலும் மூடிவிடவில்லை. ஆலந்து நாட்டில் பிறந்த சாஸ்கியா ராவ் டி ஹாஸ், ஐந்து வாசிப்புத் தந்திகளும் பத்து ஒத்திசைவுத் தந்திகளும் கொண்ட செல்லோவை உருவாக்கி, தரையில் அமர்ந்து இந்துஸ்தானி இசை வாசித்து வருகின்றார்.

பியானோவின் நிலை வேறு. அதில் ஒவ்வொரு கட்டையும் ஒரு நிலைத்த ஒலியையே எழுப்பும். அதனை அசைக்கவோ வளைக்கவோ இயலாது. இங்குத் தமிழர் பழைய இழப்பு ஒன்று நினைவுக்கு வருகின்றது. நம் யாழும் நரம்புக்கு ஒரு சுரம் ஒலித்த கருவியே. கமகம் வளர்ந்த இசைக்கு அது ஈடுகொடுக்க இயலாமற்போக, வீணை அவ்விடத்தைப் பெற்றது என்பர். விபுலானந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ் நூல், மறைந்த அக்கருவியைக் கணக்காலும் இலக்கியச் சான்றாலும் மீட்ட முயற்சியாகும். யாழை வெளியேற்றிய அதே காரணம் பியானோவை உள்ளே விடவில்லை எனலாம். அனைத்திந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியதற்கும் இதனையொத்த எண்ணமே பின்னணி. ஆயினும் கட்டை தன் சுவட்டை விட்டுச் சென்றுள்ளது. ஒரு பாடகரின் சுருதியை ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று இன்றும் நம் இசைவாணர் அளக்கின்றனர். கருவியை மறுத்தவர்கள் அதன் அளவுகோலை ஏற்றுக்கொண்டனர்.

எல்லைக்கு அப்பால் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. 1940இல் மைசூர் அரியணை ஏறிய ஜெயசாமராஜேந்திர உடையார், பியானோக் கலைஞராக விளங்க விரும்பியவர். தந்தையும் பெரிய தந்தையும் அடுத்தடுத்து மறைய, அவ்விருப்பம் அரசுப் பொறுப்பில் அமிழ்ந்தது. ஆயினும் இலண்டனில் முதுமையும் நோயும் சூழ வாழ்ந்த உருசிய இசைப்படைப்பாளர் நிக்கோலாய் மெட்னரின் படைப்புகளை ஒலித்தட்டுகளில் பதிவுசெய்ய அவர் பொருளுதவி செய்தார். மெட்னர் தம் மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவை இம்மன்னருக்கே உரிமையாக்கினார். 1950ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் இலண்டனில் ரிச்சர்டு ஸ்ட்ராஸின் இறுதிப் பாடல்கள் நான்கும் முதன்முதலாக அரங்கேறத் துணைநின்றதும் மைசூர்ப் பொருளே. இவரே கருநாடக இசையில் 94 கிருதிகளையும் இயற்றினார். மேலை இசையில் தோய்ந்த உள்ளம் தன் மரபை இழந்துவிடும் என்ற அச்சத்துக்கு இவ்வொருவர் வாழ்வே மறுமொழி.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியபின் ஓசூரின் முகம் மாறியது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் முன்னரே கலந்து வழங்கிய ஊரில், பல மாநிலத் தொழிலாளரின் மொழிகளும் வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரு, 1809இல் படைமுகாம் அமைந்த நாள்தொட்டு மேலை இசை பழகிய நகரம். இன்று எல்லைநிலத்துப் பிள்ளை ஒருவர் செல்லோ கற்க விரும்பினால் அதற்குக் கோட்டையின் தயவோ அரசவையின் ஆதரவோ வேண்டுவதில்லை. வேண்டுவது ஓர் ஆசிரியரும், ஒரு கருவியும், பொறுமையோடு கேட்கும் சிலருமே.

இந்தச் சிலருள் இலக்கிய வட்டத்தாருக்கும் இடமுண்டு. சிற்றரங்க இசை என்பது அரண்மனைப் பேரவைக்கு உரியதன்று. ஓர் அறையில், வழிநடத்துவோர் இன்றி, ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு இசைப்பது. செல்லோ பேசும்போது பியானோ அடங்கும். பியானோ வினவும்போது செல்லோ விடை தரும். மாதந்தோறும் ஓர் அறையில் கூடி ஒருவர் கவிதையை மற்றவர் கேட்கும் இலக்கிய வட்டத்துக்கு இம்முறை புதியதன்று. சூபர்ட் அறுநூறுக்கு மேற்பட்ட செருமானியக் கவிதைகளுக்குக் குரலும் பியானோவும் இணைந்த வடிவம் தந்தார். கவிஞன் சொல்லைக் குரல் ஏந்த, சொல்லாமல் விட்டதைப் பியானோ ஏந்தியது. தமிழ்ப் புதுக்கவிதைக்கு அத்தகைய துணை இன்னும் பரவலாக வாய்க்கவில்லை.

வயலின் நமதானது அது வந்ததனால் அன்று; பாலுசாமி தீட்சிதர் அதனை மடியில் கிடத்தித் தம் இசையைக் கேட்டதனால். செல்லோவும் பியானோவும் நமதாகுமா என்பதற்கு விடை இளம் கலைஞரின் விரல்களில் மட்டும் இல்லை. அவர்களுக்கு இசைக்கத் தக்க சொல்லை எழுதித் தரும் கவிஞரிடமும் அவ்விடை உள்ளது.