நெய்யாறு ஈன்ற நிலம்

ஆறு நீரைக் கொணர்தலை யாவரும் காண்பர். அது நிலத்தையும் கொணர்தலைக் கருதிப் பார்ப்போர் சிலரே. பாறசாலை, நெய்யாற்றங்கரைப் பகுதிகளின் வரலாற்றை ஆராயப் புகும் நாம், அவ்வாற்று மண்ணிலிருந்தே தொடங்குதல் முறையாகும்.

அகத்தியர் மலையில் தோன்றும் நெய்யாறு, ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாற்றில் கடலோடு கலக்கின்றது. ஆண்டில் இருமுறை பெய்யும் பருவமழை மலைப்பாறையைக் கரைத்துக் கீழே இறக்குகின்றது. சரிவு குறையுமிடத்தில் பருமணல் தங்கும். வெள்ளம் கரைபுரளும்போது நுண்ணிய வண்டல் இருபுறமும் படியும். எஞ்சிய மணலைக் கடலலை தடுத்துப் பொழிமுகத்தில் திட்டாக்கும். செம்மண் மேடுகளில் வீடும் தென்னையும், இடைப்பட்ட வண்டல் தாழ்வில் ஏலா எனப்படும் நெல்வயலும் அமைந்தமை இதன் பயனே.

தெற்கே குழித்துறை ஆற்றங்கரையும் இத்தகையதே. ஆய் மன்னன் கருநந்தடக்கன், முன்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் தந்து இடம் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் 95 மாணாக்கர் பயிலும் சாலையும் நிறுவியதைக் கி.பி. 866-ஆம் ஆண்டுச் செப்பேடு கூறுகின்றது. அச்சாலைக்கு அவன் விட்ட நிலங்களின் விளைவே கல்விக்குச் சோறிட்டது. வண்டல் இன்றேல் அச்சோறும் இன்று.

இரு கரைகளும் நெடுங்காலம் ஒரே நாடாயிருந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு, நெய்யாற்றங்கரையையும் தமிழகத்தோடு இணைக்கக் கோரியது. 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுகளுக்கு நம்மவர் இரையாயினர். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு இப்புறமும் நெய்யாற்றங்கரை அப்புறமும் ஆயின. எல்லை வகுத்தோர் வட்டங்களை அலகாகக் கொண்டனர். மலையினின்று இறங்கும் நீரும் மண்ணுமோ அக்கோட்டை அறியா.

அக்காலத்தில் எழுந்த நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய், விளவங்கோட்டின் 9,200 ஏக்கர் நிலத்திற்கு நீரூட்டும் நோக்கினது. 2004-இல் அந்நீர் நின்றது. வழக்கு உச்சநீதிமன்றம் புகுந்தது. நீர்ப்பூசலை நாடறியும். மண்ணின் இழப்பு அத்துணைப் பேசப்படவில்லை. அணை வண்டலைத் தன் வயிற்றில் அடக்கிக்கொள்கின்றது. அணைக்குக் கீழோ, கட்டடங்களுக்காக மணல் அள்ளப்பட்டது. வரவு குன்றிச் செலவு மிகின் ஆற்றின் அடித்தளம் தாழும், கரை சரியும், கிணற்று நீர் இறங்கும், முகத்துவாரத்தில் உவர்நீர் உட்புகும். இது கண்டே கேரள அரசு 2001-இல் ஆற்றங்கரைப் பாதுகாப்பிற்கும் மணல் அகற்றலை ஒழுங்குபடுத்தற்கும் சட்டம் இயற்றியது.

அயலகத்தில் பொருளீட்டும் நம்மனோர் ஊரில் எழுப்பும் வீடு ஒவ்வொன்றும் மணலை வேண்டி நிற்கின்றது. அம்மணல் திரள ஆற்றுக்கு எத்தனையோ ஊழிகள் வேண்டியிருந்தன. அள்ளுதற்கு ஓரிரவு போதும். ஊர் செல்லுங்கால் நம் மக்களை ஏலா வரம்பில் நிறுத்தி, இம்மண் எம்மலையினின்று வந்தது என்று காட்டுவோமாக. எல்லைக்கு இருபுறமும் வாழ்வோர் ஒரே ஆற்றின் உழைப்பை உண்டவர் என்பதை அவர்கள் உணர்வாராயின், நெய்யாற்றைக் காக்கும் கைகள் இரு நாட்டிலும் பெருகும்.