பிரசாவுரிமையும் நமது கடமையும்

1948 பெப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆகஸ்ட்டிலேயே பிரசாவுரிமை மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. இந்நாட்டிற் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையேனும், அன்றேல் பாட்டனும் பூட்டனுமேனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும் என்றது அது. காடு வெட்டித் தேயிலை நட்டவரின் மக்கள் முன்னோரின் பிறப்புப் பத்திரத்தை எங்கே தேடுவர்? தமிழ்க் காங்கிரசாரும், இலங்கை இந்தியர் காங்கிரசாரும், இடதுசாரிகளும் எதிர்த்தும் மசோதா நிறைவேறியது.

டிசெம்பரில் இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமை மசோதா வந்தபோதோ நம்மவரே பிரிந்தனர். அமைச்சராகிவிட்ட ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஆதரித்தார், எஸ். ஜே. வீ. செல்வநாயகம் எதிர்த்தார். 1949இல் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரின் வாக்குரிமையும் போயிற்று. 1947இல் தம் பிரதிநிதிகளை அனுப்பியோர், 1952இல் ஒருவரையேனும் அனுப்ப இயலாதவராயினர். நாடற்றோராய் எஞ்சியோர் 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தனர்.

அயலவன் உரிமை பறிபோகையில் நாம் எப்பக்கம் நின்றோம் என்பதை இளைஞர் கேட்டறிதல் வேண்டும். மூத்தோர் மறையாது சொல்லுதல் வேண்டும்.