அமேசான் பெண்கள்: தொன்மமும் புதைகுழிச் சான்றுகளும்

முன்னுரை

போரிட்ட பெண்களைப் பற்றிய பழங்கதைகளை முழுப் புனைவு என ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. அண்மைக் காலமாக அவற்றை அப்படியே வரலாறாக ஏற்கும் போக்கு வளர்ந்திருக்கிறது. கதையின் கூறுகளைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றும் எக்காலத்தில், எந்தச் சான்றோடு வந்து சேர்ந்தது என்று பார்த்தாலொழிய இவ்வழக்கு தீராது. அப்படிச் சோதிப்பதற்கு ஏற்றது, பெண்கள் மட்டுமே வாழும் நாட்டின் போர்மகளிரைப் பற்றிய கிரேக்கரின் அமேசான் கதை. இலக்கியம், ஓவியம், அகழாய்வு என மூவகைச் சான்றுகளும் அதற்கு உண்டு. கதை முதலில் தோன்றியது. யூரேசியப் புல்வெளியில் வாழ்ந்த போர்ப்பெண்களைப் பற்றிய செய்தி பின்னரே அதனுள் புகுந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

காவியமும் குடுவை ஓவியமும்

கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் ஹோமரின் இலியட்டில் அமேசான்கள் சில வரிகளில் வந்து போகிறார்கள். டிராய் மன்னன் பிரியாம், சங்காரியோஸ் ஆற்றங்கரையில் அவர்கள் படையெடுத்து வந்த நாளை நினைவுகூர்கிறான். பெல்லரோபோன் என்னும் வீரன் அவர்களைக் கொன்றதாக இன்னோரிடத்தில் வருகிறது. அவர்களின் உடை, படைக்கலம், குதிரையேற்றம் பற்றி அங்கே ஒன்றும் இல்லை.

கி.மு. 540-530 அளவில் எக்சேக்கியாஸ் தீட்டிய குடுவை ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அமேசான் அரசி பெந்தசிலேயாவின் கழுத்தில் அகிலீஸ் ஈட்டியைப் பாய்ச்சுகிறான். அவன் முகத்தைத் தலைக்கவசம் மறைத்திருக்கிறது; அவள் முகம் திறந்திருக்கிறது. ஆடைமேல் சிறுத்தைத் தோல் போர்த்தியிருந்தாலும், அவளுடைய தலைக்கவசமும் கேடயமும் ஈட்டியும் கிரேக்கக் காலாட்படை வீரனுக்குரியவை. வில் இல்லை, குதிரை இல்லை.

கி.மு. 7ஆம் நூற்றாண்டிலிருந்து கிரேக்கர் கருங்கடலின் வடகரையில் குடியேறி, அங்குள்ள புல்வெளி மக்களான சிதியரோடு வாணிகம் செய்தனர். 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் குடுவைகளில் அமேசான்கள் சிதியரைப் போலக் கூர்நுனித் தொப்பியும் கால்சட்டையும் அணிந்து, வில்லும் அம்பறாத்தூணியும் தாங்கி வரத் தொடங்குகிறார்கள். புல்வெளி மக்களை நேரில் அறிந்த பிறகே கதைமாந்தரின் தோற்றம் மாறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஏதென்ஸ் மீது அமேசான்கள் படையெடுத்தனர் என்ற கதைக்கு அரசியல் பின்னணி உண்டு. பாரசீகப் போர்களுக்குப் பின் அந்நகரில் அது பெரிதும் பரவியது. கி.மு. 447இல் கட்டத் தொடங்கிய பார்த்தனான் கோவிலின் மேற்குப் பக்கத்துச் சதுரச் சிற்பப் பலகைகள் அமேசான் போரைக் காட்டுகின்றன. கிழக்கிலிருந்து வந்து தோற்றோடிய பகைவருக்கு அமேசான்கள் உருவகமாயினர். இப்படையெடுப்புக்கு அகழாய்வுச் சான்று எதுவும் இல்லை.

ஹெரோடோட்டஸ் தரும் செய்தி

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் தம் நூலின் நான்காம் பகுதியில் விரிவான செய்தி ஒன்றைத் தருகிறார். தெர்மோடோன் ஆற்றருகே கிரேக்கரிடம் சிறைப்பட்ட அமேசான்கள் கப்பலில் காவலரைக் கொன்றுவிட்டு, அசோவ் கடற்கரையில் ஒதுங்கினர். அங்கே சிதிய இளைஞரை மணந்து, தானாய்ஸ் ஆற்றைக் கடந்து குடியேறினர். அவர்கள் வழிவந்தவரே சவுரோமத்தியர். அக்குலப் பெண்கள் குதிரையேறி வேட்டைக்கும் போருக்கும் போவர். பகைவன் ஒருவனைக் கொல்லாத பெண்ணுக்குத் திருமணம் இல்லை.

இதில் கப்பல் கதை தொன்மம். சவுரோமத்தியப் பெண்களின் வாழ்க்கைமுறை, அவர் காலத்தில் வாழ்ந்த ஓர் இனத்தைப் பற்றிய செய்தி. இரண்டையும் ஒட்டவைத்தவர்கள் கிரேக்கர். ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் மருத்துவ நூலொன்று, இப்பெண்களின் வலமார்பு குழந்தைப் பருவத்திலேயே தீய்க்கப்பட்டதாகச் சொல்கிறது. கிரேக்க ஓவியரும் சிற்பிகளும் அதை ஏற்கவில்லை. அவர்கள் படைத்த அமேசான்களுக்கு இரு மார்புகளும் உண்டு.

பழங்காலத்தார் எழுப்பிய ஐயம்

அலெக்சாந்தரை அமேசான் அரசி வந்து சந்தித்தாள் என்ற கதையை ஒனெசிகிரிட்டஸ் எழுதினார். பின்னாளில் மன்னனான லிசிமாக்கஸ் அலெக்சாந்தரோடு படையில் இருந்தவர். அவர் முன்னிலையில் அப்பகுதி படிக்கப்பட்டபோது, “அப்போது நான் எங்கே இருந்தேன்?” என்று புன்னகையோடு கேட்டாராம். இதைப் பதிவு செய்தவர் புளூட்டார்க். அமேசான்கள் மட்டும் இருந்திருந்தால், அவர்கள் நாடு எனப்பட்ட பகுதி வழியே முன்பு சென்ற செனபோன் குறிப்பிடாமல் விட்டிருப்பாரா என்று அரியன் வினவினார். ஸ்ட்ராபோவும் இக்கதையை நம்பவில்லை. தியோடோரஸ் அமேசான்களை லிபியாவிலும் வைத்துப் பேசுகிறார். அறிந்த உலகின் எல்லை விரிய விரிய, அவர்கள் நாடும் தள்ளித் தள்ளிப் போயிற்று.

புதைகுழிகள் சொல்வது

புதைகுழியில் ஆயுதம் இருந்தால் ஆண், கண்ணாடியும் மணியும் இருந்தால் பெண் என்று நெடுங்காலம் கணித்து வந்தனர். எலும்பியல் ஆய்வும் மரபணு ஆய்வும் அந்தக் கணிப்பை உடைத்தன.

ரஷ்ய - கசகஸ்தான் எல்லையிலுள்ள பொக்ரோவ்காவில் 1990களில் ஜெனீன் டேவிஸ்-கிம்பல் பங்கேற்ற அகழாய்வில், 13 அல்லது 14 வயதுச் சிறுமி ஒருத்தி குத்துவாளோடும் அம்புமுனைகளோடும் கிடைத்தாள். அவள் கால் எலும்புகள் வளைந்திருந்தன. இடைவிடாக் குதிரையேற்றத்தின் விளைவாக அதை விளக்கினர். 2019இல் ரஷ்யாவின் வரோனெஷ் வட்டாரத்தில் தேவித்சா என்னும் ஊரருகே, கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சிதியக் குழியொன்றில் வெவ்வேறு வயதுடைய நான்கு பெண்கள் ஆயுதங்களோடு கண்டறியப்பட்டனர். ஒருத்தி குதிரைமேல் அமர்ந்தது போன்ற நிலையில் கிடத்தப்பட்டிருந்தாள். அவ்வூர் தோன் ஆற்றுப் பகுதியில் உள்ளது. ஹெரோடோட்டஸ் குறித்த தானாய்ஸ் இந்தத் தோன் ஆறே.

ரஷ்யாவின் துவா குடியரசிலுள்ள சரிக்-புலுனில் 1988இல் கோடரி, வில், அம்புகளோடு எடுத்த உடலைச் சிறுவன் என்றே பதிந்தனர். 2020இல் மரபணு ஆய்வு அதைச் சிறுமி என்று காட்டியது. சுமார் 2600 ஆண்டுப் பழமையுடைய அக்குழி, கிரேக்கர் எட்டாத் தொலைவில் இருப்பது. ஆயுதம் ஏந்துவது அப்புல்வெளிப் பெண்களின் சொந்த வழக்கம் என்பது இதனால் விளங்கும்.

குழியிலுள்ள ஆயுதம் மட்டுமே போர்த்தொழிலுக்குச் சான்றாகாது. அது குலப்பெருமையின் சின்னமாகவும் இருக்கலாம். எலும்பின் வளைவு, உடலில் தைத்த அம்புமுனை போன்றவை சேரும்போதுதான் முடிவு உறுதிப்படும்.

முடிவுரை

பெண்கள் மட்டுமே வாழ்ந்த நாடு, தீய்த்த மார்பு, ஏதென்ஸ் படையெடுப்பு ஆகிய மூன்றுக்கும் ஆதாரம் இல்லை. ஆயுதம் தாங்கிய பெண்களின் குழிகள் ஆண்களின் குழிகளுள்ள அதே இடுகாடுகளில் இருப்பது, தனிப்பெண் நாடு என்ற கருத்துக்கே எதிரானது. குதிரையேறி வில்லெய்த பெண்கள் இருந்தனர் என்ற கூறு மட்டும் உறுதியாகிறது. அமேசான் கதை வரலாறு அன்று. அதற்குள் வந்து சேர்ந்த சவுரோமத்தியப் பெண்கள் வரலாறு.