சால்வடோர் நகரமும் பிலால் என்னும் பெயரும்

பிரேசிலின் அட்லாண்டிக் கரையில் அமைந்துள்ளது சால்வடோர். 1549இல் போர்த்துகீசியர் நிறுவிய இந்நகரம் 1763 வரை அந்நாட்டின் தலைநகராக இருந்தது. இதன் பழைய பகுதியான பெலோரினோவின் வண்ண வண்ண வீடுகளைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். பெலோரினோ என்றால் சாட்டையடித் தூண் என்று பொருள். அதை அந்த வண்ணங்கள் சொல்வதில்லை.

இங்கு அடிமைகளாக இறக்கப்பட்ட ஆப்பிரிக்கருள் முஸ்லிம்கள் பலர். அவர்களை ‘மாலே’ என்றழைத்தனர். யொரூபா மொழியில் முஸ்லிமைக் குறிக்கும் ‘இமாலே’ என்னும் சொல்லின் திரிபு அது. கிடைத்த ஓய்வில் ஒன்றுகூடி, மரப்பலகையில் அரபு எழுதக் கற்றவர்கள் இவர்கள்.

அவர்களுக்கு ஓதிக்கொடுத்த பெரியவர்களுள் ஒருவர் பசிஃபிகோ லிகுத்தான். புகையிலை சுருட்டும் அடிமை. சக முஸ்லிம்கள் பணம் திரட்டி இருமுறை விடுதலை கேட்டும் எசமானர் இசையவில்லை. பின்னர் அந்த எசமானரின் கடனுக்காக, ஏலத்திற்குரிய சொத்தாக லிகுத்தான் நகரச் சிறையில் அடைக்கப்பட்டார். கடன் ஒருவருக்கு, சிறை மற்றொருவருக்கு!

1835 ஜனவரி 25. ஹிஜ்ரி 1250, ரமழான் பிறை 25. அடிமைகள் தண்ணீர் எடுக்கச் செல்லும் விடியற்பொழுதில் கிளர்ந்தெழுவதே திட்டம். முன்னிரவிலேயே செய்தி கசிந்தது. காவலர் ஒரு வீட்டைச் சோதனையிட வரவே, நள்ளிரவுக்குப் பின் மோதல் மூண்டது. ஏறத்தாழ 600 பேர் எழுந்தனர். பலர் வெண்ணிற அங்கி அணிந்து, தோலுறையில் திருவசனங்களைக் கட்டியிருந்தனர். (தாயத்து கூடுமா என்ற வாதத்தை இங்கு எழுப்ப எனக்கு மனமில்லை.) அவர்கள் முதலில் விரைந்தது லிகுத்தான் இருந்த சிறைக்கே. மீட்க இயலவில்லை. அகுவா தெ மெனினோஸ் கரையில் குதிரைப்படை அவர்களை முறியடித்தது. எழுபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர் மாண்டனர்.

அதன்பின் அரபு எழுதிய தாள் ஒன்றை வைத்திருப்பதே குற்றச் சான்றாயிற்று. பலருக்குச் சாட்டையடி, பலர் நாடு கடத்தப்பட்டனர். தூக்கிலிட ஆள் கிடைக்காமையால், மே 14 அன்று நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்விரவு சிறைக்குள்ளேயே இருந்த லிகுத்தானும் தண்டனைக்குத் தப்பவில்லை. விசாரணையில் அவர் தம் பெயர் பிலால் என்றார். லிகுத்தான் அல்லவா என நீதிபதி இடைமறித்தபோது, தாம் விரும்பும் பெயரைத் தாம் வைத்துக்கொள்ளலாம் என்று பதிலளித்தார். ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றை அறிந்தவர்க்கு அப்பெயரின் கனம் விளங்கும்.

அந்தச் சிறை இருந்த நகரசபைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கைப்பற்றப்பட்ட தாள்கள் பஹியா மாநில ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சில, இறைவசனங்கள். சில, எழுதிப் பழகிய பயிற்சித் தாள்கள். மதரஸாவில் நான் அன்றாடம் திருத்துபவற்றைப் போன்றவை.