தரங்கம்பாடிக்கு ரயில் போன காலம்! மறைந்து போன பாதை, மறக்காத ஸ்டேஷன்கள்

மயிலாடுதுறை: திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு வருபவர்கள் மயிலாடுதுறை ஜங்ஷனில் இறங்கி, பஸ்சையோ காரையோ தேடி அலைகிறார்கள். ஆனால் ஒரு காலத்தில் இதே ஜங்ஷனில் ரயில் மாறி, கோவில் ஊரிலேயே போய் இறங்கியிருக்கிறார்கள். இன்றைய இளவட்டங்கள் பலருக்கு இது தெரியாது.

மயிலாடுதுறையில் இருந்து தரங்கம்பாடி கடற்கரை வரை சுமார் 30 கிலோ மீட்டர் தூரத்துக்கு 1926ம் ஆண்டு போடப்பட்டது இந்த மீட்டர் கேஜ் பாதை. சுமார் 60 ஆண்டு ஓடி, 1980களில் நிறுத்தப்பட்டது. பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்து விட்டார்கள்.

ரயில் ஓடிய காலம் முழுக்க இந்தப் பகுதி தஞ்சாவூர் மாவட்டமாகத்தான் இருந்தது. 1991ல் நாகப்பட்டினம் மாவட்டமாகி, 2020ல் மயிலாடுதுறை தனி மாவட்டமே ஆகிவிட்டது. பெயர்ப் பலகைகள் மாறின. ரயில் மட்டும் திரும்பி வரவில்லை.

வழி நெடுக ஸ்டேஷன்கள்

மயிலாடுதுறையை விட்டால் முதலில் மன்னம்பந்தல். ஏ.வி.சி. கல்லூரி இருக்கிற ஊர். அடுத்து வயலும் வாய்க்காலுமாக செம்பனார்கோவில். பிறகு ஆக்கூர். இங்குள்ள தான்தோன்றீஸ்வரர் கோவில், கோச்செங்கட்சோழன் கட்டிய மாடக்கோவில்களில் ஒன்று என்பது ஐதீகம்.

அடுத்தது திருக்கடையூர். அமிர்தகடேஸ்வரர், அபிராமி அம்மன் சன்னதியில் சஷ்டியப்தபூர்த்தி, சதாபிஷேகம் செய்து கொள்ள வெளி மாநிலங்களில் இருந்தெல்லாம் கூட்டம் வருகிறது.

அதைத் தாண்டினால் தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, 1914ல் 16 வயதில் உயிர் விட்ட வள்ளியம்மையின் பூர்வீக ஊர். 1915ல் காந்தி இங்கு நேரில் வந்தார். அப்போது இந்த ஊருக்கு ரயில் இல்லை. அவர் வந்து போய் 11 வருஷம் கழித்துத்தான் ரயில் வந்தது.

பொறையார் அடுத்த ஸ்டேஷன். கடைசியில் கடல் காற்று வீசும் தரங்கம்பாடி. 1620ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய துறைமுகம். 1706ல் வந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்ததும் இங்கேதான். 1845ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்று விட்டுப் போனார்கள். அதற்கு 80 வருஷம் பின்னால் ரயில் வந்து சேர்ந்தது.

கரி என்ஜின், அட்டை டிக்கெட்

அந்தக் கால மீட்டர் கேஜ் கிளைப் பாதைகளில் எல்லாமே சின்னதுதான். தண்டவாளத்தின் அகலம் 1 மீட்டர். இப்போதைய அகலப் பாதை 1.676 மீட்டர். கரி என்ஜின், அதற்குத் தண்ணீர் ஊற்ற ஒரு குழாய், நாலைந்து பெட்டி, கையில் பச்சைக் கொடியோடு கார்டு. டிக்கெட் கெட்டி அட்டையில் இருக்கும். அதில் தேதியைக் குத்த ஒரு இரும்பு மிஷின். 'டக்'கென்ற அந்தச் சத்தம் பழைய ஆட்களுக்கு இன்னும் காதிலேயே இருக்கும்.

வேகம் கம்மி. ஆனால் கட்டணமும் கம்மி. கூடையும் மூட்டையுமாக ஏறுகிற ஏழை ஜனங்களுக்கு அதுதான் வசதி.

ஏன் நின்று போச்சு?

ரயில் போன அதே ஊர்கள் வழியாகத்தான் ரோடும் போகிறது. ரயிலை விட்டால் அடுத்ததுக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பஸ் அப்படி இல்லை. அடிக்கடி வந்தது, ஊருக்குள்ளேயே நின்றது. ஜனங்கள் பஸ்சுக்கு மாற மாற ரயிலில் வசூல் படுத்தது. நஷ்டத்தில் ஓடிய கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலம் அது. தரங்கம்பாடி பாதையும் அதில் சிக்கிக் கொண்டது.

பக்கத்து ஊருக்கு வந்தாச்சு!

இங்குள்ளவர்களுக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதே போல மூடப்பட்ட பக்கத்துப் பாதைகளுக்கு உயிர் வந்ததுதான்.

* நீடாமங்கலம் - மன்னார்குடி: 1976ல் மூடப்பட்டது. 2011ல் அகலப் பாதையாகத் திரும்ப வந்தது.

* பேரளம் - காரைக்கால்: 1898ல் தொடங்கி, 1980களில் மூடப்பட்டது. திருநள்ளாறு வழியாகப் புதிதாக அகலப் பாதை போட்டு, 2025ல் சோதனை ஓட்டமும் நடந்தது.

* மயிலாடுதுறை - திருவாரூர் - காரைக்குடி: பழைய மீட்டர் கேஜ் பாதை அகலப் பாதையாகி, 2019ல் காரைக்குடி வரை ரயில் ஓடத் தொடங்கியது.

தரங்கம்பாடிக்கு மட்டும் விடியவில்லை. மீண்டும் ரயில் விட வேண்டும் என்ற கோரிக்கை பல வருஷமாக இருக்கிறது. ஆனால் பழைய பாதையைத் தூசி தட்டி ஓட்ட முடியாது. மயிலாடுதுறை ஜங்ஷனிலேயே இப்போது மீட்டர் கேஜ் கிடையாது. மண் மேட்டை அகலப்படுத்தி, பாலங்களைப் புதிதாகக் கட்டி, முதலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

அன்று ரயிலை மூடியபோது பஸ் போதும் என்றார்கள். இன்று திருக்கடையூருக்கு வரும் கூட்டம் என்ன, தரங்கம்பாடி கோட்டையைப் பார்க்க வரும் கூட்டம் என்ன! முகூர்த்த நாளில் பஸ்சில் நிற்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. தினமும் காலேஜுக்கும் வேலைக்கும் போகிறவர்கள் பாடு அதை விடத் திண்டாட்டம்.

1926ல் போட முடிந்த ரயில் பாதையை இப்போது ஏன் போட முடியாது என்பதுதான் இந்த ஊர் ஜனங்களின் கேள்வி. பதில் சொல்ல வேண்டியது ரயில்வேதான்!