கல்லுக்குப் போட்டோ பிடித்தவர்கள்

"சார், ஏதாவது சரித்திரம் எழுதிக் கொடுங்க" என்று மலர்க் குழுத் தம்பிகள் கேட்டார்கள். பல்லவ ராஜாக்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. நான் போட்டோக்காரர்களைப் பற்றி எழுதுகிறேன்.

சென்னையில் 1850-ல் ஓவியப் பள்ளி தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர்தான், 1856-ல் அங்கே போட்டோகிராபிச் சங்கம் உருவாகவும் முன்நின்றார். அந்தப் பத்தாண்டின் கடைசியில் நிக்கோலஸ் சகோதரர்கள் ஸ்டூடியோ திறந்தார்கள். துரைமார்களை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுப்பது பிழைப்பு. ஆனால் அவர்கள் கம்பெனி எடுத்த மாமல்லபுரம் படங்களும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

1860-களில் வெளியூர்ப் படம் என்றால் லேசுப்பட்ட வேலையா? கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, பக்கத்திலேயே இருட்டுக் கூடாரத்துக்குள் கழுவியாக வேண்டும். நம்ம வெயிலில் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. கடற்காற்றில் ஒரு மணல் பறந்து ஒட்டினால் தகடு போச்சு. படத்தைப் பெரிதாக்குவதும் அப்போது வழக்கமில்லை. படம் எவ்வளவு பெரிதோ, தகடும் அவ்வளவு பெரிது. சில விநாடி திறந்து வைப்பதால் கல் கல்லாகவே நிற்கும், அலை மட்டும் புகை மாதிரி கரைந்துவிடும்.

வெளிச்சமும் பார்க்க வேண்டும். அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு பார்த்தது. விடிந்ததும் எடுத்தால் தட்டையாக இருக்கும். வெயில் மேலேறிச் சாய்ந்து விழும்போதுதான் யானையின் உடம்பு திரண்டு தெரியும். முகத்துக்கு விளக்கு வைக்கத் தெரிந்த ஸ்டூடியோக்காரனுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், கல்லையும் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்த ஆளாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

1983-ல் எங்கள் வகுப்பைத் தபசுப் பாறை முன் நிறுத்திப் படம் எடுத்தவர் செங்கல்பட்டு ஸ்டூடியோக்காரர் ஒருவர். "இருங்க தம்பி, வெயில் திரும்பட்டும்" என்று முக்கால் மணி நேரம் காக்க வைத்தார். பசியில் எல்லாரும் திட்டினோம். இன்று பார்த்தால், பின்னால் ஒவ்வொரு மானும் தெரிகிறது.

நிக்கோலஸ் கம்பெனிப் படத்துக்கு லண்டனில் அலமாரி கிடைத்தது. நம்மவர் கடை மூடியதும் நெகட்டிவ் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் கேட்டுப் போனபோது ஒரு மாசம் தாமதம்.

அந்தப் படத்தின் பிரதி யாரிடமாவது இருந்தால் விழாவுக்குக் கொண்டு வாருங்கள். என்னுடையதில் வலது ஓரம் கரையான் அரித்துவிட்டது. அங்கே நின்றவர்கள் யார் என்று தெரியவில்லை.